ஆணியில் இல்லாத பாதி

அத்தியாயம் 9

"என் பொண்டாட்டியைக் கொன்னவன் பேரை மட்டும் எழுதிக் கொடுங்கக்கா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான் ஜானிஷ்.

எரிந்துபோன வீட்டின் முற்றத்தில், தன் பயணப் பையின்மேல் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னான். மணி மதியம் ஒன்று. நரின் ஆற்றிலிருந்து வரும் காற்று சாம்பலைக் கிளப்பி அவன் தொப்பியிலும் தோளிலும் போட்டுக்கொண்டிருந்தது. அவன் தட்டிவிடவில்லை.

"பேரு உனக்கு ஏற்கெனவே தெரியும்கிறியே. அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டாள் புருல்.

"எனக்குத் தெரியும். போலீஸுக்குக் காகிதம் வேணுமாம்."

புருல் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டாள். மின்வாரியத்தில் இருபத்திரண்டு வருஷம் கரண்ட் திருடர்களைப் பிடித்தவள். ஓய்வுபெற்ற பிறகு வெறுமனே உட்கார முடியாமல் துப்பறிய வந்துவிட்டாள். கையில் ஒரு மீட்டர் பெட்டி, கூடவே கார் ஓட்டவும் வாயடிக்கவும் துர்சுன். இதுதான் அவளுடைய அலுவலகம்.

துர்சுனுக்கு நாற்பத்தைந்து வயது. சாவு வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் யாரும் பேசாமல் இருந்தால் அவனுக்கு நெஞ்சு படபடக்கும். அதனால் இங்கேயும் எதையாவது உளறிக்கொட்டப் பார்த்தான். ஜானிஷின் பைதான் கண்ணில் பட்டது. கைப்பிடி அறுந்துபோய், அந்த இடத்தில் சுருள் சுருளான கம்பியை இறுக்கிச் சுற்றியிருந்தது.

"என்ன தம்பி, பைக்கு ஸ்பிரிங் வச்ச கைப்பிடி? மாஸ்கோவுல இதான் இப்ப ஃபேஷனா?"

"அறுந்துபோச்சுண்ணே. கையில கெடைச்சதை வச்சுச் சுத்துனேன்."

"எங்க ஊர்க் கதவுக்கெல்லாம் இது ரொம்ப நல்லா இருக்கும். தானா சாத்திக்கும்."

ஜானிஷ் ஒப்புக்குச் சிரித்தான். ஒன்பது நாளுக்கு முன்னால் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் வேறு எப்படிச் சிரிப்பான். புருல் துர்சுனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் அடங்கிப்போனான்.

விஷயம் இதுதான். கோக்-தாலா கிராமத்தில் பல வருஷமாகக் குளிர்காலத்தில் நூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல் வந்ததில்லை. இந்த நவம்பரில் ஒருவழியாகப் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. லைன்மேன் மாம்பெத் காலையில் இணைப்புக் கொடுத்தான். ஊரே முற்றத்துக்கு வந்து கைதட்டியது. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஜானிஷின் வீடு பற்றி எரிந்தது. மதியத் தூக்கத்தில் இருந்த அவன் பெண்டாட்டி ஷாயிர்குல் புகையிலேயே போய்விட்டாள். மாஸ்கோவில் சுவர் பூச்சு வேலையில் இருந்த ஜானிஷ் கிளம்பி வந்தபோது கணவாய் பனியில் மூடிக் கிடந்தது. அவன் ஊர் வந்து சேர்ந்தபோது அவளைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது. முகத்தைக் கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

மாம்பெத் தப்பாக இணைத்து அவள் வீட்டுக்கு முந்நூற்றெண்பது வோல்ட்டை அனுப்பிவிட்டான் என்பது ஜானிஷின் கட்சி. ஊரும் அதையே சொன்னது. மாம்பெத் லாக்கப்பில் இருந்தான். "மின்சார விஷயம் எனக்குப் புரியாது. நீங்க எழுதிக் கொடுக்கிறதை வச்சு, அஞ்சு மணிக்கு வழக்குப் போடுறதா விடுறதான்னு முடிவு பண்றேன்" என்று இன்ஸ்பெக்டர் புருலிடம் சொல்லிவிட்டார்.

"ஆதாரம் வேணும்னா இதைக் கேளுங்க" என்று ஜானிஷ் கைப்பேசியை நீட்டினான். தீப்பிடித்த அன்று ஷாயிர்குல் அனுப்பிய குரல் செய்தி.

"என்னங்க, கரண்ட் வந்துருச்சு. நம்ம ஹீட்டரைப் பார்க்கணுமே நீங்க. செக்கச்செவேல்னு எரியுது. வீட்டுக்குள்ள கோடைக்காலம் மாதிரி இருக்கு. நான் சால்வையைக் கழட்டி வச்சுட்டேன்னா பார்த்துக்கங்க..."

அவன் அங்கேயே நிறுத்திவிட்டான்.

"இன்னும் இருக்கே" என்றாள் புருல்.

"இருக்கு. வேலையில இருந்தப்ப இவ்வளவுதான் கேட்டேன். மீதியைச் சாயங்காலம் நிதானமாக் கேக்கலாம்னு வச்சேன்." அவன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "இப்பக் கேக்க முடியலக்கா. அது முடிஞ்சுட்டா அவ பேசுறதும் முடிஞ்சிரும்ல."

துர்சுன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத எதையோ சாம்பலில் தேடினான்.

புருல் உள்ளே போனாள். கூரை இறங்கிவிட்டது, மண் சுவர்கள் நின்றன. ஹீட்டர் சாய்ந்து கிடந்தது. பீங்கான் குழாயின்மேல் கம்பிச் சுருள் இன்னும் சுற்றியபடியே இருந்தது. தகட்டைத் துடைத்தால் எழுத்து தெரிந்தது: 220 வோல்ட், 2200 வாட். அவள் சுவரைச் சுரண்டினாள். உள்ளே ஓடிய கம்பி மீட்டரிலிருந்து பிளக் வரை நெடுகிலும் உருகிப்போயிருந்தது.

"ஹீட்டர்ல இருந்து தீ பரவலை. சுவத்துக்குள்ளேயே கம்பி காஞ்சு பிடிச்சிருக்கு" என்றாள்.

"ஃபியூஸ் என்னக்கா பண்ணிட்டிருந்தது?"

"ஃபியூஸ்ல தடிமனா செம்புக் கம்பி. ஊர் பூரா அப்படித்தான்."

"அப்ப அது ஃபியூஸ் இல்ல, வேடிக்கை பார்க்க வந்த விருந்தாளி."

புருல் சிரிக்கவில்லை. சுவரில் ஹீட்டர் இருந்த இடத்துக்கு மேலே ஓர் ஆணி அடித்திருந்தது. அதில் எதுவும் இல்லை. அந்த ஆணியை அவள் ஏன் அவ்வளவு நேரம் பார்த்தாள் என்று துர்சுனுக்கு அப்போது புரியவில்லை.

பக்கத்து வீட்டு சோனுன் அவர்களை வாசலிலேயே பிடித்து உட்காரவைத்துவிட்டாள். பாலூற்றிய டீ, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகள். செத்தவளுக்காகப் பொரித்தது, வேண்டாம் என்று சொல்லக்கூடாது. துர்சுன் நாலு எடுத்துக்கொண்டான்.

"உங்க பிரிட்ஜ் ஓடுதா?" என்று கேட்டாள் புருல்.

"ஓடுதே. ஏன், வாங்கப்போறீங்களா?"

"டிவி?"

"அதுவும்தான் பாடுது. அந்த பல்பு, அதோ, போன வருஷத்துது. அது மாதிரி இந்த வீட்டு ஆம்பிளை உழைச்சா நான் ராணி."

புருல் துர்சுனைப் பார்த்தாள். "அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே கம்பத்துல ஒரே லைன். முந்நூத்தெண்பது வந்திருந்தா?"

"அந்த பல்பு எப்பவோ பரலோகம் போயிருக்கும்" என்றான் துர்சுன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆக வந்தது இருநூத்தி இருபதுதான். மாம்பெத் சரியாத்தான் கொடுத்திருக்கான்." புருலின் கண் சோனுன் வீட்டுச் சுவருக்குப் போனது. அங்கே ஹீட்டருக்கு மேலே ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே எதுவோ தொங்கிக்கொண்டிருந்த தடம். "அங்க என்ன தொங்கிச்சு?"

"வெட்டுன கம்பிதான். லோ வோல்டேஜ்ல முழுச் சுருள் கையைக்கூடக் காய்ச்சாது. மாம்பெத் அண்ணன் குளிர்காலத்துல வந்து பாதியை வெட்டிவிடுவாரு, அப்புறம் நல்லாச் சிவந்து எரியும். வெட்டுன பாதியைத் தூக்கிப் போடக்கூடாது. ஹீட்டருக்கு மேல ஆணியில மாட்டணும். நல்ல கரண்ட் வந்தா திருப்பிச் சேர்க்கிறதுக்கு. எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

"சேர்த்தாரா?"

"ஸ்விட்ச் போடுறதுக்கு முந்தின நாள் வீடு வீடா வந்தாரு. ஆணியைப் பார்க்கிறது, கம்பியை எடுத்துச் சேர்க்கிறது, கிளம்புறது. முப்பத்தோரு வீடு. டீ கூடக் குடிக்கல மனுஷன்."

"ஷாயிர்குல் வீட்டுக்கும் வந்தாரா?"

சோனுன் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். "நானும் கூட இருந்தேன். ஆணி காலியா இருந்துச்சு. வெட்டுனதான்னு கேட்டாரு. அவ சிரிச்சுக்கிட்டே, இல்லண்ணே, எங்க வீட்டுக்காரரு புதுக் கம்பி போட்டுக் கொடுத்ததுன்னா. அவளுக்கு வெட்டுன சுருள்னா பயம். அது எரியிற சிவப்பைப் பார்த்தா மாடு மாதிரி மிரளுவா. நிலக்கரிப் புகையும் அவ நெஞ்சுக்கு ஆகாது. குளிர்ல நடுங்குனாலும் வெட்ட மட்டும் விட மாட்டா."

"புதுசா? எப்பப் போட்டான்?"

"போன ஜனவரியில. பத்து நாள் லீவுல வந்தப்ப."

துர்சுன் கடித்த போர்சோக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. புருல் டீயைக் குடித்து முடிக்காமல் எழுந்தாள். அவள் அப்படி எழுந்து அவன் பார்த்ததில்லை.

எரிந்த வீட்டு முற்றத்துக்குத் திரும்பி, காரின் முன்மூடியைத் திறந்து பேட்டரியில் இரண்டு கம்பி மாட்டினார்கள். புருல் ஹீட்டர் சுருளின் இரண்டு முனையையும் கத்தியால் சுரண்டி, மீட்டர் பெட்டியோடு சேர்த்து இணைத்தாள். ஜானிஷ் முற்றத்தின் அந்தக் கோடியில் பையின்மேல் அப்படியே இருந்தான்.

"வோல்ட் எவ்வளவு?"

"பன்னெண்டு புள்ளி ஒண்ணு. என் காரு வயசுக்கு இது நல்ல மார்க்குக்கா."

"ஆம்பியர்?"

"ஒண்ணு புள்ளி ஒண்ணு."

காரின் தூசியில் அவள் விரலால் எழுதினாள். "வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா தடை. பதினொரு ஓம். இப்பத் தகட்டைப் பாரு. இருநூத்தி இருபது வோல்ட், ரெண்டாயிரத்து இருநூறு வாட். வாட்டை வோல்ட்டால வகுத்தா பத்து ஆம்பியர். இருநூத்தி இருபதைப் பத்தால வகுத்தா?"

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டு ஓம் இருக்க வேண்டிய சுருள்ல பதினொண்ணுதான் இருக்கு. இது புதுசு இல்ல. பழசுல பாதி."

துர்சுன் தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். புருல் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்பதுபோல வேகமாகச் சொன்னாள்.

"முழுச் சுருளுக்கு நூத்தம்பது வோல்ட் கொடுத்தா ஏழு ஆம்பியர்கூட வராது. ஆயிரம் வாட். அதுல குளிர் போகாது. பாதியா வெட்டுனா பதிமூணரை ஆம்பியர், ரெண்டாயிரம் வாட். சுவத்துக் கம்பி லேசாச் சுடும், தாங்கிக்கும். இப்ப அதே பாதிக்கு இருநூத்தி இருபது கொடு."

"இருபது ஆம்பியர்" என்றான் துர்சுன். "நாலாயிரத்து நானூறு வாட்."

"பத்து ஆம்பியருக்குப் போட்ட கம்பி."

"மாம்பெத்தான் ஊருக்கே வெட்டுறவன். இவங்க வீட்டுலயும் அவனே வெட்டியிருக்கலாம்ல?"

"அவன் வெட்டுனா ஆணியில மாட்டுவான். முப்பத்தோரு வீட்டுல மாட்டுனவன் இங்க மட்டும் ஏன் விட்டான்? அவன் வெட்டியிருந்தா அவகிட்ட வெட்டுனதான்னு ஏன் கேக்கிறான்?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "மீதிப் பாதி எங்க இருக்குன்னு நீதான் முதல்ல சொன்ன. நீயே மறந்துட்ட."

"நானா?"

"கதவுக்கு நல்லா இருக்கும்னு சொன்னியே."

துர்சுன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். பை. கைப்பிடி. வரிசை வரிசையாக இறுக்கிச் சுற்றிய சுருள்.  தன் வாயிலிருந்து வந்த அந்தக் கேலியைத் திருப்பி விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது.

"அக்கா, ஒரு யோசனை. அந்தப் பையை நான் எங்கயாச்சும் தொலைச்சுடுறேன். கம்பி பழசாப் போச்சு, கரண்ட் சிக்கல், கடவுள் விட்ட வழின்னு எழுதிக் கொடுத்துடலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"மாம்பெத்?"

"அவன் நாலு மாசத்துல வெளிய வந்துடுவான்."

"ஊரு விடுமா? தீ வச்சவன் பிள்ளைங்கன்னு அவன் பிள்ளைங்களைச் சொல்லும்."

"இவன் தாங்க மாட்டான்கா."

"தெரியும்டா" என்றாள் புருல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதில் தூசி எதுவும் இல்லை. "எனக்கு மட்டும் என்ன, சொல்லணும்னு ஆசையா?"

அவள் போய் ஜானிஷுக்குப் பக்கத்தில், சாம்பல் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்தக் கைப்பிடிக் கம்பியைக் கொஞ்சம் கழட்டித் தர்றியாப்பா?"

"இது எதுக்குக்கா?"

"அளந்து பார்க்கணும்."

அவன் கேள்வி கேட்காமல் கழற்றினான். இறுக்கிச் சுற்றியவன் அவனே, அதனால் எந்த முனை எங்கே செருகியிருக்கிறது என்று அவன் விரலுக்குத் தெரிந்தது. பாதி கழற்றும்போது வேகம் குறைந்தது. முழுவதும் கழற்றியபின் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, காரின் பக்கத்தில் கிடந்த ஹீட்டரைப் பார்த்தான். மறுபடியும் கையைப் பார்த்தான்.

பலகையில் சுருளை நீட்டிப் பேட்டரியில் இணைத்தார்கள். படித்துச் சொல்ல வேண்டியவன் துர்சுன். அவன் மீட்டரைப் பார்த்துவிட்டுப் புருலைப் பார்த்தான்.

"சொல்லுங்கண்ணே" என்றான் ஜானிஷ்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

தூசியில் ஏற்கெனவே இருந்த பதினொன்றுக்குக் கீழே புருல் இன்னொரு பதினொன்றை எழுதினாள். கூட்டி இருபத்திரண்டு என்று போட்டாள். அவனுக்குக் கணக்கு தெரியாது, பூச்சு வேலைக்காரன். ஆனால் பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு என்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

"ஊர்ல எல்லாரும் வெட்டுறதுதானேக்கா" என்றான். குரல் யாரோ ஒரு மூன்றாம் மனிதனுடையது மாதிரி இருந்தது. "எல்லாரும்தானே வெட்டுறாங்க."

"ஆமாப்பா. எல்லாரும்தான்."

"கையெல்லாம் வெடிச்சு ரத்தம் வந்துச்சு அவளுக்கு. கோட்டுப் போட்டுக்கிட்டு ரொட்டி தட்டுவா. வெட்டலாம்னா கேக்க மாட்டா. அவ பால் கறக்கப் போனப்ப வெட்டிட்டேன். புதுசு போட்டேன்னு சொன்னேன். வெட்டுனதுன்னு சொன்னா பக்கத்துலயே போக மாட்டாளே. ஆணியில மாட்டுனா கண்டுபிடிச்சிருவா. சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். மாஸ்கோவுக்குக் கிளம்புறப்ப பைக் கைப்பிடி அறுந்துச்சு..."

 துர்சுன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.  அழுகை வந்தது, அழுதான்.

கொஞ்சநேரம் கழித்து ஜானிஷ் தானாகவே கைப்பேசியை எடுத்தான். நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டான்.

"...மாம்பெத் அண்ணன் நேத்து வந்து, வெட்டுன கம்பியான்னு கேட்டாருங்க. எங்க வீட்டுக்காரரு புதுசு போட்டுக் கொடுத்ததுன்னு சொல்லிட்டேன். சோனுன் முன்னாடி கொஞ்சம் பீத்திக்கிட்டேன்னே வச்சுக்கங்க. எல்லா வீட்டுலயும் வெட்டுனது, எங்க வீட்டுல மட்டும் புதுசுன்னு. சரி, கண்ணு சொக்குது. இந்தச் சூட்டுல படுத்து எவ்வளவு நாளாச்சு. கொஞ்சம் தூங்குறேன். எழுந்ததும் பேசுறேன்."

செய்தி முடிந்தது. அவன் இன்னொரு தடவை போடவில்லை.

"மணி என்னக்கா?"

"மூணரை."

"அஞ்சு மணிக்குன்னு சொன்னாருல்ல. போலாம்."

பைக்கு இப்போது கைப்பிடி இல்லை. பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினான். சுருள் அவன் முஷ்டிக்குள் இருந்தது.

காவல் நிலையத்தில் புருல் நின்றபடியே அறிக்கையை எழுதினாள். வோல்ட், ஆம்பியர், தடை, வாட் எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. இணைப்பில் தவறு இல்லை, வெட்டிய சுருளா என்று லைன்மேன் முந்தின நாளே கேட்டிருக்கிறார் என்று எழுதினாள். கடைசி வரி, 'சுருளை வெட்டியவர்'. அதற்கு எதிரே பேனா நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ திருடர்களின் பேரைக் கை நடுங்காமல் எழுதியவள். திருடாதவன் பேரை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

"கொடுங்கக்கா" என்று ஜானிஷ் பேனாவை வாங்கினான். தன் பேரையும் தகப்பன் பேரையும் முழுசாக எழுதினான்.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. "நீ வீட்டுக்குப் போப்பா" என்று மட்டும் சொன்னார். எந்த வீட்டுக்கு என்று அவரும் யோசிக்கவில்லை.

மாம்பெத்தை வெளியே விட்டார்கள். ஒன்பது நாள் தாடியோடு வந்தவன் நேராக ஜானிஷிடம் போனான். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் ஜானிஷின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிரு தம்பி. ஆணி காலியா இருந்துச்சு. அவ புதுசுன்னு சொன்னதும் நம்பிட்டேன். ஒருதரம் சுருளை இறக்கிப் பார்த்திருக்கணும். ஒன்பது நாளா இதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். தப்பு என்னுதுதான்."

ஜானிஷ் முஷ்டியைப் பிரித்தான். கம்பி பதிந்து உள்ளங்கை சிவந்திருந்தது. சுருளை எடுத்து மாம்பெத்தின் கையில் வைத்தான்.

"ஆணியில மாட்டாமப் போனது நான்தான்ணே" என்றான்.